படையலுக்கு ஒரு பெயர்

தப்பான பெயரைச் சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்று விடிந்ததிலிருந்து கோயில் பாடகி தமீத்துக்குப் பயம்.

எகிப்தில் செத்தவர்களுக்கு வைக்கும் ரொட்டியைக்கூட அரசன் தருவதாகச் சொல்லித்தான் வைக்க வேண்டும். அவன் பெயரைச் சொல்லாவிட்டால் ரொட்டி போய்ச் சேராது. இன்றைய ரொட்டி தமீத்தின் செத்துப்போன மகளுக்கு.

ஆனால் அரசன் யார்? தெற்கே கூஷ் நாட்டுக்காரன். வடக்கே அசீரியர்கள் உட்கார்த்திவைத்த ஒருவன். நடுவில் மாட்டிய இந்த ஊர் மாதத்துக்கு ஒருவன் கையில். போன வாரம் பழைய அரசனின் பெயரைப் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்ட பாடகியை அசீரியச் சிப்பாய்கள் இழுத்துப்போனார்கள். அவள் இன்னும் திரும்பவில்லை.

கோயில் பாடகிகளின் தலைவி இரெத்திதான் தமீத்துக்குக் குரு. வயதில் அவளைவிடச் சிறியவள். குளத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தாயே, யார் பெயரைச் சொல்லட்டும்?"

"யார் கேட்கப்போகிறார்கள்?"

"வாசலில் அசீரியச் சிப்பாய்கள் நிற்கிறார்கள். கூட்டத்துக்குள் கூஷ்காரனின் ஆட்களும் இருக்கிறார்களாம். ஒருவனைச் சொன்னால் இன்னொருவன் கழுத்தைப் பிடிப்பான்."

"அப்படியானால் சொல்லாதீர்கள் அக்கா."

"என் பிள்ளை பட்டினி கிடப்பாளே! உங்களுக்கென்ன, சொல்லிவிட்டீர்கள்."

இரெத்தி கையை நீட்டினாள். "ரொட்டியைக் கொடுங்கள்."

வாங்கியவள் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ! படைக்கும் முன்னாலேயா?"

"கருக விட்டுவிட்டீர்களே."

"ஓரம் கருகியிருந்தால்தான் அவள் தின்பாள்."

"இது எந்த அரசனுக்குத் தெரியும்?"

தமீத் மீதி ரொட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

படையல் தொடங்கியது. தமீத் ரொட்டியை வைத்தாள். "இந்த ரொட்டியை உனக்குத் தருவது..." என்று இழுத்துப் பாடியவள், பெயர் வரும் இடத்தில் கையிலிருந்த வெண்கலக் கிலுகிலுப்பையைப் பலம்கொண்ட மட்டும் குலுக்கினாள். கோயிலே அதிர்ந்தது.

ஒரு சிப்பாய் பக்கத்துச் சிப்பாயைப் பார்த்தான். அவன் பெயர் காதில் விழுந்ததுபோலத் தலையாட்டினான். இவனும் ஆட்டினான். கூட்டத்துக்குள்ளும் சில தலைகள் ஆடின.

அந்த இரைச்சலுக்குள், தன் காதுக்கே எட்டாத குரலில், தமீத் தன் பெயரைச் சொல்லி முடித்திருந்தாள்.