நொடிக்கு இரண்டு சுற்று

"மூணு மாசமா வெறும் பெட்டியைச் சுத்திக்கிட்டு இருக்கேம்மா. உள்ள எப்பத்தான் படச்சுருளைப் போடுவீங்க?"

கேட்டவர் தில்லைப் பிள்ளை. அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

ரெஜினா அம்மாள் காமிராவின் கண்ணாடி வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது முப்பத்தொன்று. அவள் நிமிரவில்லை.

"நொடிக்கு எத்தனை சுத்து?"

"ரெண்டு."

"நேத்து?"

"ரெண்டுதான்."

"நாளைக்கு?"

பிள்ளை கைப்பிடியைப் பிடித்து மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

*

படங்கள் பேசாத காலம் அது.

சென்னப்பட்டணத்தில், புரசைவாக்கத்துத் தெரு ஒன்றின் கோடியில் ரெஜினா அம்மாளின் முற்றம் இருந்தது. மேலே வெள்ளைத் துணி கட்டியிருக்கும். சூரியன்தான் விளக்கு. மேகம் மூடினால் ராஜா, மந்திரி, ராட்சசன் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். மேகம் விலகினால் எழுந்து சண்டை போடுவார்கள்.

அவளுடைய அப்பா போட்டோ பிடிப்பவர். ஆண்கள் முன்னால் வராத கோஷாப் பெண்களைப் படம் எடுக்க மகளைப் பழக்கினார். அவர் போன பிறகு, சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு துரையிடமிருந்து அவள் இந்தச் சினிமாப் பெட்டியை வாங்கினாள். மூன்று படம் எடுத்துவிட்டாள். ஊர் சிரித்தது. அவள் நாலாவதை ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தில்லைப் பிள்ளை வாசலில் வந்து நின்றார். தோளில் ஒரு மூட்டை.

"என்ன தெரியும்?" என்று அவள் கேட்டாள்.

"தவில் வாசிப்பேன். வாசிச்சேன்."

"இங்கே சத்தமே கிடையாதே?"

"அதனாலதாம்மா வந்தேன்."

*

மன்னார்குடிப் பக்கம் அவர் ஊர். அண்ணன் நாயனம், தம்பி தவில். முப்பது வருஷம் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்தவர்கள். அண்ணன் ஒரு மாசி மாதம் காலராவில் போய்விட்டார்.

வேறு நாயனக்காரர்கள் கூப்பிட்டார்கள். பிள்ளை போனார், உட்கார்ந்தார். கை எழும்பவில்லை.

ஆறு மாதம் கழித்து, தஞ்சாவூரில் ஒரு கூடாரத்தில் சினிமாப் பார்த்தார். வெள்ளைத் துணியில் கடல் வந்தது. ஒரு அலை, இன்னொரு அலை, இன்னொரு அலை. சத்தமே இல்லை. ஆனால் ஒரு அலைகூடத் தாளம் தப்பவில்லை.

அவர் உட்கார்ந்த இடத்திலேயே தொடையில் தாளம் போட்டார். பல நாளைக்கப்புறம் கை தானாக எழும்பியது.

கூடாரக்காரனிடம், இதை யார் செய்கிறார்கள் என்று கேட்டார். "அங்கே இங்கே செய்யறாங்க. பட்டணத்துல ஒரு அம்மாகூடச் செய்யுது" என்றான் அவன்.

மறுநாள் ரயிலேறிவிட்டார்.

*

"ஒரு தகதிமிக்கு ஒரு சுத்து" என்று ரெஜினா அம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டாள். "நொடிக்கு ரெண்டு தகதிமி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கூடினா படத்துல ஆளு நீந்தற மாதிரி நடப்பான். குறைஞ்சா கோழி மாதிரி ஓடுவான்."

பிள்ளைக்கு அது ஒரு வேலையே இல்லை. இருந்தாலும் அவள் விடவில்லை.

ஒரு நாள் அவர் சுற்றிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து பித்தளை அண்டாவைக் கீழே போட்டாள். கை மாறவில்லை.

இன்னொரு நாள், "பிள்ளைவாள், உங்க ஊர்ல மழையாம். உங்க வீடு இடிஞ்சுடுச்சாம்" என்றாள்.

"வாடகை வீடுதாம்மா" என்றார் பிள்ளை, சுற்றிக்கொண்டே.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய்விட்டாள்.

ஒரு மத்தியானம் அவர் கையில் ஒரு முழ நீளப் படச்சுருளைக் கொடுத்தாள். பிள்ளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரே ஆள், ஒன்றன் கீழ் ஒன்றாக, கட்டம் கட்டமாக, அசையாமல் நின்றான்.

"இதுல யார் நடக்கறா?" என்று கேட்டாள்.

"யாரும் நடக்கலையேம்மா."

"அப்ப தஞ்சாவூர்ல அலை எங்கே அடிச்சுது?"

பிள்ளை அன்று சாப்பிடவில்லை.

*

நாலாவது படம் ஒரு அண்ணன் தம்பி கதை. கடைசிக் காட்சியில் அண்ணன் படகேறிப் போகிறான். தம்பி கரையில் நிற்கிறான். படகு ஆற்று வளைவில் தென்னைகளுக்குப் பின்னால் மறைந்ததும் கதை முடிகிறது.

அண்ணனாக நடித்தவர் சாரங்கம் என்ற நாடக நடிகர். அவருடைய கம்பெனி அந்தக் காட்சி எடுக்கும் நாளன்று சாயங்காலமே ரங்கூனுக்குக் கப்பலேறுகிறது. திரும்பி வர ஒரு வருஷமாகும்.

படச்சுருள் ஒரே ஒரு டப்பாதான் மிச்சம். அடுத்தது சீமையிலிருந்து வரவேண்டும்.

காலையில் எல்லோரும் அடையாற்றங்கரைக்குப் போனார்கள். ரெஜினா அம்மாள் முக்காலியை நட்டாள். பெட்டியை மேலே ஏற்றினாள். வில்லையைச் சரிபார்த்தாள். வெளிச்சம் படாத கறுப்புப் பைக்குள் கையை விட்டுச் சுருளைப் போட்டாள்.

பிறகு நகர்ந்து நின்றாள்.

"நீங்க சுத்துங்க, பிள்ளைவாள்."

பிள்ளை கைப்பிடியைப் பார்த்தார். "நானா?"

"படகுக்காரனுக்கு நான் தண்ணியில நின்னு கை காட்டணும். வளைவு வரைக்கும் மூணு நிமிஷம். சுருளும் மூணு நிமிஷத்துக்குத்தான் இருக்கு. ரெண்டு சுத்து."

"ரெண்டு சுத்து" என்றார் பிள்ளை.

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள்.

*

கையை அசைத்தாள்.

பிள்ளை சுற்றினார். தகதிமி, தகதிமி. படகு கரையை விட்டது. தம்பியாக நடித்தவர் நான்கடி நடந்து நின்றார். எல்லாம் சொன்னபடி நடந்தது.

படகு நடு ஆற்றை நெருங்கியபோது சாரங்கம் திரும்பிப் பார்த்தார். அது சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் அவர் கூடவே முகவாயை லேசாக வலப்பக்கம் தூக்கினார். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிள்ளையின் கண்ணில் படகு மங்கியது.

கொஞ்ச நேரத்தில் கைப்பிடி சட்டென்று லேசாயிற்று. பெட்டிக்குள் வெறும் சக்கரம் ஓடும் சத்தம் கேட்டது.

சுருள் தீர்ந்துவிட்டது. படகு இன்னும் நடு ஆற்றில்தான் இருந்தது. வளைவு தூரத்தில் இருந்தது.

ரெஜினா அம்மாள் தண்ணீரிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

*

முற்றத்துக்குத் திரும்பினார்கள்.

பிள்ளை மூட்டையைக் கட்டினார். எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றார்.

"எத்தனை சுத்தினீங்க?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. நாலு இருக்கும். அஞ்சுகூட இருக்கும்."

"அண்டா விழுந்தப்ப மாறலை. வீடு இடிஞ்சப்ப மாறலை."

பிள்ளை தரையைப் பார்த்தார்.

"எங்கண்ணன் வாசிக்கும்போது பேச முடியாதுல்ல? வாயில நாயனம். அதனால, வேகம் எடுக்கப்போறார்னா என் பக்கம் பார்த்து முகவாயைத் தூக்குவார். வாடாங்கற மாதிரி. முப்பது வருஷமா அதைப் பார்த்தா என் கை ஓடும்." மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டு, "இன்னிக்கும் ஓடிடுச்சு" என்றார்.

ரெஜினா அம்மாள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். மூன்று மாத உழைப்பு. ஒரே டப்பா. சாயங்காலம் புறப்படும் கப்பல்.

"நான் வரேம்மா."

"இருங்க."

"இனிமே என்ன இருக்கு?"

"சுருளைக் கழுவலையே இன்னும்" என்றாள். "கழுவறதுக்கு முன்னால எதையும் சொல்லக்கூடாது."

*

சிவப்பு விளக்கு எரியும் அறைக்குள் அவள் போனாள். மரச் சட்டத்தில் சுருளைச் சுற்றி மருந்துத் தொட்டியில் முக்கினாள். பிறகு கிணற்றுத் தண்ணீரில் அலசினாள். பிள்ளை வெளியே நின்று தண்ணீர் இறைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காய்ந்தது. அதிலிருந்து, பிரதி எடுக்க மட்டுமே உதவும் வேறு வகைச் சுருளில், ஓட்டுவதற்கு ஒரு பிரதி எடுத்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஜன்னல்களைச் சாத்தினாள். சுவரில் வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டினாள். அறையில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"உட்காருங்க" என்றாள்.

பிள்ளை உட்காரவில்லை. சுவரோரம் நின்றார்.

அவள் ஓட்டும் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். நொடிக்கு இரண்டு சுற்று.

*

ஆறு வந்தது. படகு கரையை விட்டது. தம்பி நான்கடி நடந்து நின்றான்.

நடு ஆற்றில் அண்ணன் திரும்பினான்.

அங்கிருந்து எல்லாம் மாறியது. துடுப்பு மெள்ள எழுந்தது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் விழ மனசில்லாமல் விழுந்தது. அண்ணனின் அங்கவஸ்திரம் காற்றில் எழுந்து, இறங்க மறந்து நின்றது. முகவாய் தூக்கினான். அது ஒரு யுகம் போல நீண்டது. கை வேகமாகப் போனதால் வெளிச்சம் குறைவாக விழுந்திருந்தது. காலையில் பிடித்த படத்தில் அந்தி இறங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் போய்க்கொண்டே இருந்தான். போகவே இல்லை.

வளைவு வரவில்லை. தென்னைகள் வரவில்லை. படகு நடு ஆற்றில் இருந்தபடியே வேட்டி வெளுத்தது.

ரெஜினா அம்மாள் கைப்பிடியை விடவில்லை. சுருள் தீர்ந்தது தெரியாமல் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்றார் பிள்ளை.

அவள் நிறுத்தினாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கூடச் சுத்தினா மெதுவாப் போகும்னு எனக்குத் தெரியும்" என்றாள். "அது தப்புன்னுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. நானும் உங்களுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்."

பிள்ளை வெறும் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் மறையலையேம்மா" என்றார்.

"இல்ல."

"கதைப்படி மறையணுமே?"

"ஆமா. அப்படித்தான் எழுதினேன்."

வெளியே தெருவில் ஒரு ஜட்கா போனது. குதிரைக் குளம்பின் சத்தம் தேயும்வரை பிள்ளையின் விரல்கள் சுவரில் அதோடு சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தன. அது அவருக்கே தெரியவில்லை. அவள் பார்த்தாள்.

"இன்னொரு தடவை போடுங்கம்மா" என்றார்.

போட்டாள். இந்தத் தடவை அவர் உட்கார்ந்து பார்த்தார்.

பிறகு அவளே எழுந்து ஜன்னலைத் திறந்தாள். வெயில் உள்ளே வந்தது.

"சீமைச் சுருள் வர ஒரு மாசம் ஆகும்" என்றாள். "வந்த உடனே அடுத்த படம்."

"முதல் காட்சி என்னம்மா?"

"ஒரு குழந்தை. இதுவரைக்கும் தவழ்ந்துக்கிட்டிருந்தது. அன்னிக்குத்தான் முதல் தடவையா எழுந்து நிக்குது. நீங்கதான் சுத்தறீங்க."

பிள்ளை கையைப் பார்த்துக்கொண்டார். வலது மணிக்கட்டை இரண்டு தடவை மடக்கி நீட்டினார்.

"எத்தனை சுத்தும்மா?"

"குழந்தையைக் கேளுங்க" என்றாள்.