பேரத்துக்கு மசியாத காவல்

அந்தக் காலத்தில் யானையும் பேசும், எலியும் பேசும். ஆனால் வாயடிப்பதில் மூங்கிலியை மிஞ்ச ஆளில்லை. பன்றி அளவே இருந்த பெண் யானை அவள். உடம்பு வழங்கும் பூதத்திடம் மல்லுக்கட்டி, கத்தி, கோபித்துக்கொண்டு பாதி வழி போய்த் திரும்பி வந்து, குன்று மாதிரி ஓர் உடம்பை வாங்கிவிட்டாள்.

அவள் ஏமாந்தது ஒரே இடத்தில்தான். உடம்பின் அளவைப் பார்த்தாளே தவிர, உள்ளே காவல் எத்தனை என்று கேட்கவில்லை.

ஒரு கோடையில் காடு பற்றி எரிந்தது. புகையைக் குடித்துக் குடித்து மூங்கிலிக்கு இருமல் வந்தது, நிற்கவே இல்லை. வயிற்றில் கன்று வேறு. தட்டுத்தடுமாறிப் பூதத்திடம் போனாள். அது அவள் விலாவில் காதை வைத்துக் கேட்டது.

"நுரையீரல்ல ஒரு உயிரணு கெட்டுப்போச்சு, மூங்கிலி. ஓயாம ரெண்டு ரெண்டாப் பிரியுது. பக்கத்துல இருக்கிறதை நெட்டித் தள்ளுது. வேற இடத்துக்கு ஊர்ந்து போகவும் கிளம்பிடுச்சு. இதுக்குப் பேர்தான் புற்று. கன்று பிறக்கிற வரைக்கும் நீ தாங்க மாட்டே."

"தடுக்க உள்ளே ஆளே இல்லையா?"

"காவல் மரபணு உண்டு. ஒவ்வோர் உயிரணுவுக்கும் அம்மா வழியில ஒண்ணு, அப்பா வழியில ஒண்ணு. இதுல ரெண்டையும் புகை கெடுத்துடுச்சு."

"சுண்டெலிக்கு எத்தனை?"

"அதுக்கும் ரெண்டுதான்."

மூங்கிலிக்குச் சுர்ரென்று ஏறியது. "அதுக்கும் ரெண்டு, எனக்கும் ரெண்டா? என் காது மறைவுல ஒரு எலிக் கூட்டமே குடித்தனம் பண்ணலாம்! இவ்வளவு பெரிய வீட்டைக் கொடுத்துட்டு, எலி வளைக்கு வைக்கிற காவலை வெச்சிருக்கே. நியாயமாப் பேசுய்யா!"

பூதம் சிரித்துவிட்டது. கை நிறையக் காவலை அள்ளி அவள் தும்பிக்கைக்குள் ஊதியது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள்ளிருந்து பேச்சுக் குரல் கேட்டது.

"நில்!" என்றது காவல்.

"இன்னும் ஒரே ஒரு தடவை பிரிஞ்சுக்கிறேன், அண்ணே," என்று குழைந்தது கெட்ட உயிரணு.

"ஆகாது."

"சரி, பிரியல. சும்மா அந்தப் பக்கம் வரைக்கும் ஊர்ந்துட்டு வரேன்."

"இருக்கிற இடத்துல இரு. உன் பழுதைச் சரிபண்ண முடியுமா?"

கெட்ட உயிரணு நெளிந்தது.

"முடியாதில்ல? அப்ப ஒடுங்கிக் கரைஞ்சு போயிடு. அக்கம்பக்கத்துக்குச் சேதம் வரக் கூடாது."

உயிரணு ஒடுங்கித் துணுக்குத் துணுக்காக உதிர்ந்தது. அதிலிருந்து பிரிந்தவையும் ஒவ்வொன்றாக அடங்கின. மூங்கிலி முழு மூச்சு இழுத்தாள்.

"யப்பா, என்ன கறாரான ஆளு!" என்றாள். "நானா இருந்தாக்கூடக் கொஞ்சம் இறங்கி வந்திருப்பேன்."

"உனக்கு ஆச்சு. கன்றுக்கும் இதே காவல் வேணும்னா, ஒவ்வோர் உயிரணுவாப் பார்த்துப் பார்த்துப் பதிக்கணும். மத்த மிருகம் மாதிரி சீக்கிரம் பெத்துக்க முடியாது. ரெண்டு வருஷம் போல சுமக்கணும்." சொல்லிவிட்டு, வரப்போகும் கத்தலுக்குப் பயந்து பூதம் காதைப் பொத்திக்கொண்டது.

மூங்கிலி குரலை உயர்த்தவில்லை. பாதி வழி போய்த் திரும்பவும் இல்லை. தும்பிக்கையால் வயிற்றைத் தடவினாள்.

"சரி," என்றாள்.

அன்று முதல்தான் யானை தன் கன்றை அத்தனை காலம் சுமக்கிறது. அவ்வளவு பெரிய உடம்பிலும் புற்று தலைகாட்டுவது அபூர்வமாக இருக்கிறது.