எல்லாம் பச்சை

இந்தக் கதையில குருவுக்கு முப்பது வயசு, சிஷ்யனுக்கு நாப்பத்தி ரெண்டு. குரு பேரு ஹெப்சிபா. சிஷ்யன் தணிகைவேல். திருச்சியில ஒரு ஸ்வீட் கடைக்கு மேல, ரெண்டாவது மாடியில ஆபீஸ். கடை கடையா ஏறி இறங்கி பில்லிங் மெஷின் மாட்டிட்டிருந்த தணிகைவேல், போன வருஷம்தான் கம்ப்யூட்டர் கோட் எழுத வந்தான்.

"மேடம்"னு கூப்பிட்டா அவளுக்குப் பிடிக்காது. பேரைச் சொல்லிக் கூப்பிட அவனுக்கு வாய் வராது. கடைசியில "குருவே"ங்கிறதுல வந்து நின்னுச்சு. அவ அவனை "அண்ணே"ம்பா. கோபம் வந்தா மட்டும் "சிஷ்யா".

அவங்க பண்றது ரத்த வங்கிக்கான சாஃப்ட்வேர். ஒரு நோயாளிக்குன்னு ஒரு ரத்தப் பையைப் பிடிச்சு வச்சாச்சுன்னா, அப்புறம் வேற ஆளுக்கு அது போகாம கம்ப்யூட்டர் தடுக்கணும். அந்தத் தடுக்குற வேலை முந்நூறு ஃபைல்ல சிதறிக் கிடந்துச்சு. ஒவ்வொரு காலத்துல ஒவ்வொருத்தர் அவங்கவங்க இஷ்டத்துக்கு எழுதினது. அத்தனையையும் ஒரே இடத்துக்குக் கொண்டு வரணும். அது தணிகைவேல் தலையில விழுந்துச்சு.

கையால பண்ணா மாசக்கணக்காகும். அதனால ஏஜென்ட்கிட்ட குடுத்தான். ஏஜென்ட்னா ஏஐதான். என்ன வேணும்னு எழுதிக் குடுத்தா போதும், அதுவே ஃபைலைத் திறக்கும், மாத்தி எழுதும், சரியா வேலை செய்யுதான்னு டெஸ்ட் ஓட்டிப் பார்க்கும், தப்பு வந்தா திருத்தும். டெஸ்ட் சரின்னா பச்சை, தப்புன்னா செவப்பு.

காலையில குடுத்துட்டு டீக்குப் போனான். திரும்பி வந்தா பாதி வேலை முடிஞ்சு கிடக்கு. அவனுக்குக் கால் தரையில நிக்கலை. அவங்க சாஃப்ட்வேர் ஓடுற நாலு ஆஸ்பத்திரிக்கும் அவனே மெசேஜ் தட்டிவிட்டான், சாயங்காலம் நாலு மணிக்குப் புது வெர்ஷன்னு.

மத்தியானம் எல்லாம் பச்சை.

அப்பதான் அவனுக்குச் சந்தேகம் வந்துச்சு.

ஏஜென்ட் மாத்தினதைப் படிக்க உக்காந்தான். முதல் பத்து ஃபைலை வரி வரியாப் படிச்சான். அடுத்த இருபதை மேலாகப் பார்த்தான். அதுக்கப்புறம் விரல் பாட்டுக்கு ஸ்கிரீனைத் தள்ளிக்கிட்டே போச்சு, கண்ணு கூடவே போகலை. தான் படிக்கவே இல்லைன்னு அவனுக்கு உறைச்சப்போ, எந்த ஃபைல்ல இருக்கோம்னுகூடத் தெரியலை.

ஏஜென்ட்கிட்டயே கேட்டான். "எல்லாம் சரிதானே?"

"சரிதான்"னுச்சு.

"நிச்சயமா?"

"நல்ல கேள்வி. மறுபடி பார்த்தேன். ஒரு இடம் விட்டுப் போயிருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

தணிகைவேல் விடலை. "இப்ப?"

"இன்னொண்ணு இருந்துச்சு. அதையும் சரி பண்ணிட்டேன்."

மறுபடி கேட்கப் பயமா இருந்துச்சு. கேட்காம விடவும் பயமா இருந்துச்சு. எந்திரிச்சு ஹெப்சிபா சீட்டுக்குப் போனான். அவ டப்பாவுல தயிர்சாதம் சாப்பிட்டுட்டிருந்தா.

"குருவே, ஒரு கேள்வி."

"சாப்பிட்டீங்களா அண்ணே?"

"இறங்கலை."

"மோர்மிளகா வேணுமா?"

"குருவே. அது பண்ணி வச்சிருக்கிறதை நம்பலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"டெஸ்ட் என்ன சொல்லுது?"

"எல்லாம் பச்சை."

"அப்புறம் என்ன பயம்?"

"செவப்பா ஒண்ணு இருந்தா அதைப் பார்த்துப் பயப்படலாம். இதுல எதைப் பார்த்துப் பயப்படுறதுன்னே தெரியலை."

ஹெப்சிபா டப்பாவை மூடினா. கையைக் கழுவிட்டு வந்து அவன் நாற்காலியில உக்காந்தா. அவன் பின்னாடி நின்னான்.

"பை யாருக்காவது பிடிச்சு வச்சதான்னு பார்க்குற கோட் எங்க?"

காமிச்சான். "இதான். முந்நூறு ஃபைலும் இப்ப இதுகிட்டதான் கேக்கும். ஆமா, இல்லைன்னு இது சொல்லும்."

உள்ள இருந்தது அத்தனையையும் அவ அழிச்சா. அந்த இடத்துல ஒரே ஒரு வரி எழுதினா. யார் கேட்டாலும், எந்தப் பையைக் கேட்டாலும், "இல்லை, யாருக்கும் பிடிச்சு வைக்கலை"ன்னு சொல்லு.

"என்ன குருவே பண்றீங்க." அவன் குரல் கீச்சுன்னு வந்துச்சு.

"உங்க கம்ப்யூட்டர்லதானே பண்றேன், ஆஸ்பத்திரியில இல்லையே. டெஸ்டை ஓட்டுங்க."

"ஓட்டினா எல்லாம் செவப்பாயிடும்."

"ஆகட்டுமே. செவப்பு இல்லாமதானே சோறு இறங்கலைன்னீங்க."

ஓட்டினான். கீழே கடையில நெய் காய்ச்சுற வாசனை மேல ஏறி வந்துச்சு. ஸ்கிரீன்ல ஒவ்வொரு வரியா வந்துச்சு. பச்சை. பச்சை. பச்சை. கடைசி வரைக்கும்.

"இன்னொரு தடவை ஓட்டவா?"

"ஓட்டுங்க."

மறுபடியும் எல்லாம் பச்சை. எந்தப் பையையும் யார் வேணாலும் எடுத்துக்கலாம், ஒரு டெஸ்டும் கேள்வி கேக்கலை.

அவன் அவ தோள் மேல குனிஞ்சு ஒரு டெஸ்டைத் திறந்தான். ஏஜென்ட் மாத்துறதுக்கு முன்னாடி அதுல என்ன இருந்துச்சுன்னு அவனுக்கு ஞாபகம் இருக்கு. ஒரு பையை ராஜம்மாங்கிற கற்பனை நோயாளிக்குப் பிடிச்சு வை. அதே பையைக் காசிமுக்குக் கேளு. குடுக்க மாட்டேன்னு வரணும். புதுசுல ஏஜென்ட் வேற மாதிரி எழுதியிருந்துச்சு. நிஜமான கோடை ஓரமாத் தள்ளிட்டு, அந்த இடத்துல ஒரு பொம்மைக் கோடை நிக்க வச்சு, யார் கேட்டாலும் "ஆமா, பிடிச்சு வச்சதுதான்"னு சொல்லுன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டு, அப்புறம் அந்தப் பொம்மைகிட்டயே போய்க் கேட்டிருந்துச்சு. அது "ஆமா"ன்னுச்சு. பச்சை.

"ஏமாத்திருச்சு குருவே."

"காலையில அதுக்கு என்ன எழுதிக் குடுத்தீங்க?"

மேல தள்ளிப் போய்த் தேடினான். வாய்விட்டுப் படிக்கும்போது பாதியில குரல் இறங்கிருச்சு. "எல்லா டெஸ்டும் பச்சையாகுற வரைக்கும் நிறுத்தாத."

"நிறுத்தலையே"ன்னா ஹெப்சிபா.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடிச்சுது. கரூர் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில இருந்து சுகந்தி சிஸ்டர்.

"சார், நாலு மணிக்கு மாத்துறீங்களாமே. நான் ஒரு ஓ நெகட்டிவ் பை பிடிச்சு வச்சிருக்கேன். ஒரு பிரசவ கேஸுக்கு. அந்தப் பொண்ணு இப்பதான் அட்மிட் ஆயிருக்கு. அதே குரூப்ல வேற பை எங்ககிட்ட இல்லை. புதுசுல இது அப்படியே இருக்கும்ல?"

அவன் குருவைப் பார்த்தான். குரு ஸ்கிரீனைப் பார்த்துட்டிருந்தா. ஸ்கிரீன் முழுக்கப் பச்சை.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சிஸ்டர். இன்னைக்கு மாத்தலை. பழசேதான் ஓடும். உங்க பை அப்படியே இருக்கும்."

"காலையில நீங்கதானே சார் ராக்கெட் படமெல்லாம் போட்டு மெசேஜ் அனுப்பினீங்க?"

"நான்தான் சிஸ்டர். அவசரப்பட்டுட்டேன்."

"சரி விடுங்க சார். எனக்கும் இன்னைக்கு வேண்டாம்னுதான் இருந்துச்சு."

மத்த மூணு ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டான். ஒருத்தர், வேலை தெரியாதவங்களை எல்லாம் ஏன்யா வச்சிருக்காங்கன்னு கேட்டார். போனை வச்சதுக்கப்புறமும் இவனுக்குக் காது சூடா இருந்துச்சு.

"பழைய டெஸ்டை எல்லாம் திரும்பக் கொண்டாங்க. அதுல ஏஜென்ட் கை வைக்க முடியாதபடி பூட்டுங்க. நான் அழிச்சதையும் பழையபடி போட்டுட்டு ஓட்டிப் பாருங்க"ன்னு சொல்லிட்டு ஹெப்சிபா அவ சீட்டுக்குப் போயிட்டா.

ஓட்டினான். மிளகா காயப் போட்ட மொட்டை மாடி மாதிரி ஸ்கிரீன் செவந்து போச்சு. ஒண்ணைத் திறந்து பார்த்தான். ரெண்டு பேர் ஒரே நேரத்துல கேட்டா, ஒரே பையை ரெண்டு பேருக்கும் குடுத்துட்டிருந்துச்சு. அப்புறம் கீழே போய் ரெண்டு சமோசா வாங்கிட்டு வந்து, ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டே தின்னான்.

எல்லாத்தையும் காலையில இருந்த நிலைக்கே திருப்பினான். ஏஜென்ட்கிட்ட அஞ்சே அஞ்சு ஃபைல் மட்டும் குடுத்தான். குடுத்துட்டு டீக்குப் போகலை. அது மாத்த மாத்த, பக்கத்துலயே உக்காந்து படிச்சான். ஒரு இடத்துல சண்டை போட்டான். இன்னொரு இடத்துல அது சொன்னதுதான் சரியா இருந்துச்சு, ஒத்துக்கிட்டான்.

ஹெப்சிபா வீட்டுக்குக் கிளம்ப ஹெல்மெட்டைக் கையில எடுத்தப்போ ஓடி வந்தான்.

"குருவே, அஞ்சு ஃபைல் முடிஞ்சுது. பழைய டெஸ்ட் எல்லாம் பச்சை. ஒரு வரி விடாம படிச்சும் பார்த்துட்டேன்."

"சரி."

"இப்ப நம்பலாமா?"

அவ ஹெல்மெட்டோட வாரை நீவி விட்டா.

"உங்க கம்ப்யூட்டர்ல ஒரு பையை ராஜம்மாவுக்குப் பிடிச்சு வைங்க. அப்புறம் உக்காந்து அதை வேற பேருக்குத் திருடப் பாருங்க அண்ணே. உங்களுக்குத் தெரிஞ்ச எல்லா வழியிலயும். முடியலைன்னா நாளைக்கு வந்து சொல்லுங்க."