இரண்டு எழுத்துக்காக ஒரு மறியல்

அந்தக் காலத்தில், நம் உடம்பின் உயிரணு ஒவ்வொன்றும் ஓர் ஊராக இருந்தது. அங்கே கயிறு பேசும், அடுப்பு பேசும், அறுந்த நூலுக்கும் வாய் உண்டு.

அப்படியோர் ஊர் ஒரு பெண்ணின் குடல் சுவரில் இருந்தது. அவள் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. "மேலே இருக்கிறவள்" என்பார்கள். அவள் கிழங்கு தின்றால் ஊருக்கும் கிழங்கு. அவள் பட்டினி கிடந்தால் ஊரும் பட்டினி.

ஊரின் நடுவில் நாற்பத்தாறு சுருள்கள் இருந்தன. இன்று நாம் டி.என்.ஏ. என்கிறோமே, அதுதான். எதை எப்படிச் செய்வது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவற்றில் எழுதியிருந்தது. ஊரின் வழக்கம் எளியது. முதலில் வளர வேண்டும். வளர்ந்தபின் ஒவ்வொரு சுருளையும் பார்த்து அதற்கோர் இரட்டை எழுத வேண்டும். பிறகு இரட்டைகளைக் கயிறு கட்டி எதிரெதிர்ப் பக்கம் இழுத்து, ஊரே இரண்டாகிவிட வேண்டும்.

இழுக்கிற வேலை இழுவையாருடையது. கயிறும் அவருடையது, அவசரமும் அவருடையது. நேரம் வந்தால் கட்டுவார், இழுப்பார். சுருள் அறுந்து கிடக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அந்தக் காலத்தில் யாருக்குமே கிடையாது.

ஆனால் சுருள்கள் அறுந்துகொண்டேதான் இருந்தன. அவற்றைச் சேர்க்க இரண்டு பேர் இருந்தார்கள். அக்கா நிதானி, தம்பி முடிச்சன்.

முடிச்சனுக்கு வேகமான கை. அறுந்த நுனிகளில் பிசிறு இருக்கும், பிசிறோடு போட்டால் முடிச்சு நிற்காது. அதனால் நறுக்கென்று வெட்டிவிட்டு இரண்டு நுனியையும் சேர்த்து முடிந்துவிடுவான். வெட்டின பிசிறோடு ஓரிரண்டு எழுத்து போகும். "போனா என்ன, சுருள்ல முக்கால்வாசி சும்மா கிடக்கிற வரிதானே" என்பான். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. அவன் மட்டும் இல்லாதிருந்தால் ஊர் என்றைக்கோ சிதறியிருக்கும்.

நிதானியின் வழி வேறு. இரட்டைச் சுருளைப் பக்கத்தில் போட்டு, அதைப் பார்த்துப் பார்த்து, போன எழுத்துகளைத் திரும்ப எழுதிச் சேர்ப்பாள். ஒன்றுகூடக் குறையாது. ஆனால் இரட்டை எழுதுவதற்கு முன்னால் அவள் பார்த்து எழுத ஒன்றுமில்லை. எழுதிய பிறகோ, இழுவையார் கயிற்றோடு வந்து நிற்பார். ஆகவே அவள் தொடங்கிய வேலை ஒன்றாவது முடிந்ததில்லை.

"அக்கா, நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள ஊரு ரெண்டாகி, நாலாகி, நாம யாரு எந்த ஊருன்னே மறந்துபோயிடும்" என்று கேலி செய்வான் தம்பி.

"நீ வெட்டிப்போட்ட எழுத்தைக் கூட்டி அள்ளினா இன்னொரு ஊரே கட்டலாம்டா" என்பாள் அவள்.

ஒருநாள், இரட்டைகளை எழுதி முடித்த கையோடு, எங்கிருந்தோ ஒரு கதிர் பாய்ந்து வந்தது. பதினேழாவது சுருள் நடுவில் பட்டென்று அறுந்தது.

முடிச்சன்தான் முதலில் ஓடினான். அறுந்த இடத்தில் 'போ' என்று இருந்தது. அதற்கப்புறம் வெறும் பிசிறு.

"நல்ல வார்த்தையாத்தான் நின்னிருக்கு. போ. பிசிறை வெட்டி முடிஞ்சுடறேன்" என்று கத்தியை வைத்தான்.

"கையை எடு. இரட்டையில என்ன இருக்குன்னு ஒரு தடவை படிச்சுட்டு வெட்டு" என்றாள் நிதானி.

சலித்துக்கொண்டே படித்தான். 'இடம் நிறைந்ததும், போதும்' என்று இருந்தது.

முடிச்சனுக்குக் கை நின்றுவிட்டது. அவன் வெட்டவிருந்த பிசிறில்தான் அந்த 'தும்' இருந்தது. அது போனால் வரி மாறிவிடும். இடம் நிறைந்ததும், போ. நிறைந்த பிறகும் போ, மேலும் போ. ஊர் இரண்டாகும், நான்காகும், எட்டாகும், நிற்காது.

"மேலே இருக்கிறவளையே தின்னுட்டுதான் நிக்கும், இல்லையாக்கா?"

"அவளுக்கப்புறம் நாம எங்க இருக்கிறது?" என்றாள் நிதானி. அறுந்த நுனியை மெல்லச் சுத்தம் செய்து, இரட்டைக்குள் நுழைத்து, எழுத்தோடு எழுத்தை வைத்துப் பொருத்த ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து இழுவையார் ஆட்களோடு வந்தார். "ஆச்சா? வழியை விடுங்க."

"இன்னும் ரெண்டு எழுத்து இருக்கு மாமா."

"ரெண்டு எழுத்துக்காக ஊரை நிறுத்துறதா? என் ஆயுசுல இந்தக் கயிறு நின்னதில்லை, நிதானி."

அவள் தலையை நிமிர்த்தாமல் எழுத்தைப் பொருத்திக்கொண்டிருந்தாள். அப்போதுதான், பிறந்த நாள் முதல் ஓரிடத்தில் உட்கார்ந்தறியாத முடிச்சன், கத்தியைக் கீழே வைத்தான். ஊர் இரண்டாகப் பிரிகிற வாசலுக்கு நேராகப் போனான். நடுவாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"டேய், எழுந்திரு."

"மாட்டேன் மாமா."

"கயிறு உன் மேலதான் போகும்."

"போகட்டும். என்னையும் ரெண்டா இழுத்துடுங்க. ரெண்டு பாதியும் உங்ககூடச் சண்டை போடும்."

இழுவையாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "அவசரத்துக்குப் பேர் போனவன், நீயாடா இதைச் சொல்றது?"

"அவசரத்துல எது போகும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?"

அடுப்படியிலிருந்து பெண்கள் வந்து பார்த்தார்கள். "என்னப்பா, மறியலா?" என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் சேலையை ஒதுக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சுவர் வாசலில் தண்ணீர் விடுகிறவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இரட்டை எழுதினவர்கள் வீங்கிய விரல்களோடு வந்து, "அது நாங்க எழுதின எழுத்துய்யா" என்று உட்கார்ந்தார்கள். கடைசியில் கயிறு பிடித்திருந்த ஆட்களே ஒவ்வொருவராகக் கயிற்றைக் கீழே போட்டார்கள். இழுவையார் மட்டும் கயிற்றோடு தனியாக நின்றார். ஒற்றை ஆளாக ஊரை இழுக்க முடியுமா? முனகிக்கொண்டே அவரும் உட்கார்ந்தார்.

"சீக்கிரம் எழுதச் சொல்லுங்க" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

ஊர் அப்படி அசையாமல் இருந்தது அதுவே முதல் தடவை. நிதானி 'து' எழுதினாள். இரட்டையைப் பார்த்தாள். 'ம்' எழுதினாள். புள்ளி வைத்தாள். நுனிகள் சேர்ந்தன. தழும்பு இல்லை, முடிச்சு இல்லை.

"வந்து படிடா" என்றாள்.

முடிச்சன் ஓடிவந்து ஊருக்கே கேட்கும்படி படித்தான். 'போதும்' என்ற சொல்லைக் கேட்டு ஓர் ஊரே எழுந்து ஆடியது அன்றைக்குத்தான். நிதானி முதன்முதலாக முடித்த வேலையின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு இழுவையாருக்கும் கோபம் நிற்கவில்லை. "ம், பிடிங்க கயிற்றை" என்றார்.

அப்படியோர் இழுப்பை அந்தக் குடல் சுவர் கண்டதில்லை. ஊர் இரண்டாயிற்று. இந்தப் பக்கம் நாற்பத்தாறு, அந்தப் பக்கம் நாற்பத்தாறு, எதிலும் எழுத்துக் குறையில்லை. மேலே இருக்கிறவளுக்கு இது ஒன்றும் தெரியாது. அவள் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்று, பேரன் பேத்தி கண்டு, தலை நரைத்துத்தான் போனாள்.

இழுவையார் அதன்பிறகு கேட்காமல் கயிறு கட்டியதில்லை. இரட்டை எழுதுமுன் அறுந்தால் தம்பிக்கு வேலை, எழுதியபின் அறுந்தால் அக்காவுக்கு வேலை என்று ஊரும் பேசி வைத்துக்கொண்டது. அன்றைய மறியலுக்குப் பிறகுதான், நம் உடம்பில் பிரியப் போகிற ஒவ்வோர் உயிரணுவும் வாசலில் ஒரு கணம் நின்று, அறுந்தது சேர்ந்ததா என்று கேட்டுவிட்டுப் பிரிகிறது.