வலைய மிதிக்காத குஞ்சிதபாதம்

ஒரே ஒரு கடலோரத்துல ஒரே ஒரு விசைப்படகாம். ம் கொட்டுடா, கொட்டுனாத்தான் படகு கெளம்பும்.

அந்தப் படகுல சமையக்காரன் ரத்தினவேலு. அவனோட அக்கா புருஷன் குஞ்சிதபாதம், வலை போடுறவன். ஓட்டுறவரு மாசிலாமணி டிரைவரு, சரியான சாப்பாட்டு ராமன். ரத்தினவேலு சட்டி மூடிய டங்கு டங்குன்னு தட்டுனா சோறு ரெடின்னு அர்த்தம். ஒடனே எஞ்சின அமத்திட்டு, தட்டத் தூக்கிட்டு மொத ஆளா வந்து நிப்பாரு.

குஞ்சிதபாதத்துக்கு வலைன்னா சாமி. செத்தாலும் அதுமேல கால் வைக்க மாட்டான். நல்ல பழக்கந்தான், யாரு இல்லேன்னா? ஆனா படகுல எடம் எங்க இருக்கு? பக்கத்துல வட்டம் வட்டமா சுத்தி வச்சிருக்குற கயித்துக்கு நடுவுல போய் நின்னுக்குவான். வலை கடல்ல எறங்குனா அந்தக் கயிறு பின்னாலயே ஓடும். காலு உள்ள இருந்தா ஆளையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும். புத்திசாலி நிக்குற எடமா அது?

மொத வாட்டி வலை போட்டாங்க. "மாமா, கயித்துக்குள்ள நிக்காத!"ன்னான் ரத்தினவேலு. "அப்ப வலைய மிதிக்கச் சொல்றியா?"ன்னான் அவன். கயிறு சர்ர்ர்ருன்னு ஓடுச்சு, தவ்விக் குதிச்சுத் தப்பிச்சுட்டான்.

அப்புறம் ரெண்டாம் வாட்டி. கயிறு ஒத்தச் செருப்ப இழுத்துக்கிட்டுக் கடலுக்குள்ள போயிருச்சு. "செருப்புதான?"ன்னு சிரிச்சான். ரத்தினவேலுக்குச் சிரிப்பு வரல. அக்கா மாசமா இருக்கா. "அவரப் பாத்துக்கடா"ன்னு சொல்லித்தான் அனுப்பியிருந்தா.

மூணாம் வாட்டி கயிறு கணுக்கால்ல சுருக்குன்னு மாட்டிக்கிச்சு. தடால்! விழுந்தான். சரசரன்னு கடலுக்கு இழுக்குது. எப்பிடியோ ஒரு கம்பியப் புடிச்சுக்கிட்டான். "நிறுத்துங்க!"ன்னு ரத்தினவேலு கத்துறான். தடதடதடன்னு எஞ்சின், டிரைவரு முன்னால பாத்து ஓட்டிட்டிருக்காரு, காதுல எங்க விழும்?

தூங்கிட்டியா? ம்... சரி, முழிச்சுத்தான் இருக்க.

அப்போ ரத்தினவேலு சட்டி மூடிய எடுத்தான். டங்கு! டங்கு! டங்கு! மனுசன் கத்துனது கேக்காதவருக்கு மூடிச் சத்தம் கேட்டுச்சு. வயித்துக்குக் கேட்டுச்சு போல.

எஞ்சின் கப்புன்னு நின்னுச்சு. "அதுக்குள்ளவா? என்ன கொழம்பு?"ன்னு வந்தவரு பாத்தாரு, கையில இருந்த தட்டு கீழ விழுந்துச்சு. ரெண்டு பேருமா ஓடிப் போயி, கயித்தத் தளத்திக் கால வெளிய எடுத்தாங்க. தோலு உரிஞ்சிருந்துச்சு, எலும்பு முறியல. அப்பாடா! ரத்தினவேலு அவனக் கட்டிப்புடிச்சு அழுதான், அப்புறம் முதுகுல ஒண்ணு வச்சான். "அக்கா கேட்டா நான் என்ன மாமா சொல்லுவேன்?"

வலைய மறுபடி மேல இழுத்துப் போட்டாங்க. குஞ்சிதபாதம் எந்திரிச்சு, நொண்டி நொண்டி வந்து, வலைமேலயே கால வச்சு நின்னான். குனிஞ்சு தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, "தாயி, மன்னிச்சுக்க"ன்னான்.

"அது மன்னிக்கும்டா, கயிறுதான் மன்னிக்காது"ன்னாரு டிரைவரு.

படகு கரைக்கு வந்துருச்சு, குஞ்சிதபாதம் ரெண்டு காலோட வீட்டுக்குப் போயிட்டான். கதையும் கரையேறிருச்சு, கண்ண மூடு.