புலி புல் மேய்ந்த மூன்று நாள்

மானும் புலியும் நின்று பேசிக்கொள்ளத் தெரிந்திருந்த அந்தக் காலத்தில், புலிகள் இப்போதுபோல ஒற்றையாய்த் திரியவில்லை. யானைகளைப் போல அம்மா, மகள், சித்தி, பேத்தி என்று கூட்டமாகத்தான் இருந்தன. ஒன்றின் வயிற்றில் ஒன்று தலை வைத்துத் தூங்கின. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வயிறு நிறைய வேண்டுமே.

ஈச்சமலையில் அப்படி ஒன்பது புலிகள் இருந்தன. மான்கள் குறையக் குறைய, பசியில் ஒவ்வொன்றாய் விழுந்தன. பிரிந்து போகலாம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. கடைசியில் மிஞ்சியது வரிச்சி என்ற தாய்ப்புலியும் அவள் மகள் தவிட்டியும்தான். தவிட்டி அம்மா உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். விலா எலும்பும் அம்மாவைப் போலவே தெரிந்தது. வரிச்சிக்கு இருப்பது ஒரே மகள்.

ஒருநாள் மத்தியானம் வரிச்சி, செம்பி என்ற கடமானைத் துரத்தினாள். மேடு ஏறி, ஓடை தாண்டி, மறுபடி மேடு ஏறி, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கால் நின்றுவிட்டது. நடுவே இருபதடி இருக்கும். பிடிக்க இவளுக்குத் தெம்பில்லை, ஓட அவளுக்குத் தெம்பில்லை. ஆளுக்கொரு பாறையில் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள்.

“ஏன்டியம்மா இப்படி ஓட விடுற?” என்றாள் வரிச்சி.

“நல்லா இருக்கே நியாயம்! நின்னு கழுத்தக் காட்டணுமாக்கும்?” என்றாள் செம்பி.

“பிடிச்சாலும் உன் உடம்புல என்ன இருக்கு? நாள் பூரா மேயுற. அத்தனையும் எங்கதான் போகுது?”

“பத்து வாய் புல்லு தின்னா, புழுக்கையாப் போனது போக, நடந்தது போக, குளிருக்கு உடம்பச் சூடாக்கினது போக, ஒரு வாய்தான் சதையா ஒட்டுது. அந்த ஒரு வாய்க்குத்தான் நீ நாக்குத் தள்ள ஓடி வர்ற. அதுலயும் பாதி இப்ப உன்னக் கண்டு ஓடுனதுல போச்சு. திருப்திதானே?”

“அப்ப புல்லு?”

“அதுக்கென்ன, மகராசி. நின்ன இடத்துல நிக்குது. வெயில் குடுக்குறத நேரா வாங்கிக்குது.”

வரிச்சிக்குச் சட்டென்று ஒரு யோசனை. நடுவில் இந்த மான் எதற்கு? புல்லையே தின்றால் பத்து வாயும் தனக்குத்தானே! மலை முழுக்கப் புல் கிடக்கிறது. ஓட வேண்டாம், பதுங்க வேண்டாம். மகளும் கூடவே இருப்பாள். அங்கேயே குனிந்து மேய ஆரம்பித்தாள். தெம்பு இருந்திருந்தால் செம்பி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

மூன்று நாள் மேய்ந்தாள். அரைக்கப் பல் இல்லை, அசைபோட வயிறு இல்லை. போன புல் போனபடியே வாய் வழியாகத் திரும்பி வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். மறுபடி வந்தது. பாவம், வேறு என்ன செய்வாள்?

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம் தவிட்டி ஒரு முயலைக் கொண்டுவந்து அம்மா முன்னால் போட்டாள்.

“தின்னும்மா. நான் ஒண்ணு தின்னுட்டுத்தான் வந்தேன்.”

வரிச்சி மகளின் வயிற்றைப் பார்த்தாள். முதுகோடு ஒட்டிக் கிடந்தது; அவள் எதுவும் தின்றிருக்கவில்லை. மலையைப் பார்த்தாள். இத்தனை புல்லும் இத்தனை வெயிலும் மானாகி, முயலாகி, கடைசியில் ஒரு புலிக்குத்தான் காணும். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்கு ரொம்ப அசதியாக இருந்தது.

எழுந்து நின்று மகளைப் பார்த்து உறுமினாள்.

தவிட்டி விளையாட்டு என்று நினைத்து மல்லாந்து படுத்தாள். வரிச்சி அவள் மூக்கில் ஓங்கி ஓர் அறை விட்டாள். நகம் கீறியது.

“அம்மா, நான் என்னம்மா செஞ்சேன்?”

“போ. இது என் மலை. அந்தப் பக்கம் வேற மலை இருக்கு. போடி!”

தவிட்டி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மலைமுகட்டைத் தாண்டினாள். அவள் மறைந்த பிறகு வரிச்சி அந்த முயலைத் தின்றாள். அழுதுகொண்டேதான் தின்றாள். ஆனாலும் ஓர் எலும்பு மிச்சம் வைக்கவில்லை. பசி அப்படி.

அன்று முதல்தான் ஒரு காட்டுக்கு ஒரு புலி என்று ஆனது. குட்டி தோளுக்கு வளர்ந்ததும் தாய் அறைந்து விரட்டுகிறாள். விரட்டிவிட்டு, எப்போதாவது, யாரும் பார்க்காதபோது, ஒரு கொத்துப் புல்லைக் கடித்து மென்று விழுங்கிப் பார்க்கிறாள். இந்தத் தடவையாவது உள்ளே தங்கினால் மகளைத் திரும்பக் கூப்பிடலாமே என்றுதான்.