சாகாத ஈயத் தளபதி

நெடுங்கரட்டு ஜமீன்தார் கெச்சிலப்பருக்கு நிஜப் போர் வாய்க்கவில்லை. அதனால் பெரிய மேசையில் மண்ணால் மலையும் கோட்டையும் எழுப்பி, விரலளவு ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, தாயம் உருட்டிச் சண்டை நடத்துவார். எந்தப் பக்கத்துத் தளபதிப் பொம்மை சாய்கிறதோ அந்தப் பக்கம் தோற்றது. ஒருமுறை விளையாட வந்த நண்பர் மறுமுறை வந்ததில்லை.

பொம்மைகளைத் துடைத்து வைக்கும் ஒச்சப்பனை ஒருநாள் அழைத்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஆசையா விளையாட வர்ற நாலு பேரைக் கூட்டிட்டு வா. இல்லேன்னா குடும்பத்தோட ஊரை விட்டுப் போயிடு."

ஒச்சப்பன் வீடு வீடாக ஏறி இறங்கினான். வைத்தியர் காலில் விழுந்தே பார்த்தான், அவர் அசையவில்லை. மணியக்காரர் அவனைக் கண்டதும் கரும்புக்காட்டுக்குள் புகுந்துகொண்டார். வெள்ளிக்கிழமை காலையில் அவன் மனைவி அழுதுகொண்டே சட்டிபானைகளை மூட்டை கட்டினாள். அவன் ஒற்றையாளாக அரண்மனையில் போய் நின்றான்.

"எங்கடா ஆளுக?"

"எல்லாருக்கும் ஆசைதான் சாமி. ஒரே ஒரு சந்தேகம் கேட்டாங்க."

"என்ன சந்தேகம்?"

"தளபதி செத்தா ஆட்டம் முடிஞ்சுதாமே. நம்ம சாமியோட தளபதி எப்பச் சாவாருன்னு கேட்டாங்க."

"அவன் எதுக்குடா சாகணும்?"

"நானும் அதைத்தான் சொன்னேன் சாமி. அப்புறம் யாரும் எதுவும் கேக்கல."

கெச்சிலப்பர் தன் தளபதிப் பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி கோட்டை மேலேயே நிறுத்தினார். "நீ ஊரிலேயே இரு, போ" என்றார்.

பிறகு இரண்டு பக்கத்துக்கும் தானே தாயம் உருட்ட ஆரம்பித்தார். அன்றைக்கும் அவர் பக்கம்தான் ஜெயித்தது.